புதுச்சேரியில் நல்ல ரம் காக்டெயில் வேண்டுமா? முதலில் ஒரு டைக்கிரி கேளுங்கள்

நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடலூரில் அக்கா வீட்டுக்கு வருகிறோம். மூன்று பேர் ஒரு சாயங்காலம் புதுச்சேரிக்குப் போய், கடற்கரைப் பக்கம் உட்கார்ந்து, ரம்மில் செய்த நல்ல காக்டெயில் குடிக்க ஆசை. போன முறை மொகிட்டோ கேட்டோம். புதினா மிதக்கிற இனிப்பு சோடாதான் வந்தது. எங்கே போனால் சரியாகக் கிடைக்கும்?"

ஒரே வரியில் ஒரு கடைப் பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பெயர் ஆறு மாதம் தாங்காது. புதுச்சேரியில் கை பழகிய பார்டெண்டர் ஒருவர் ஒரே இடத்தில் ரொம்ப நாள் இருப்பதில்லை. கோவாவிலிருந்து ஆள் வரும், பெங்களூரிலிருந்து அழைப்பு வரும், கப்பலில் சேர்ந்துவிடுவார். அவர் போன மறுநாளும் அதே மெனு கார்டுதான் இருக்கும், அதே விலைதான் இருக்கும், கிளாஸில் இருப்பது மட்டும் மாறிப்போயிருக்கும். நானும் அப்படிக் கிளம்பிப் போனவன்தான். முத்தியால்பேட்டையில் வளர்ந்து, எட்டு வருஷம் சொகுசுக் கப்பலில் பார் கவுண்டருக்குப் பின்னால் நின்றேன். பெரும்பாலும் கரீபியன் பக்கம். இப்போது ஊரோடு இருந்து, ஓட்டல் பார்களில் புதுப் பையன்களைப் பழக்குகிறேன். அதனால் கடைப் பெயரைவிட, எந்தக் கடையிலும் பத்தே நிமிஷத்தில் தரம் கண்டுபிடிக்கிற வழியைச் சொல்கிறேன்.

வழி ரொம்ப எளிது. மேஜையில் உட்காராதீர்கள். கவுண்டரில் உட்காருங்கள். முதல் ரவுண்டில் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு டைக்கிரி சொல்லுங்கள். ஸ்ட்ராபெர்ரி, மாம்பழம் எதுவும் வேண்டாம், சாதா டைக்கிரி. அதில் வொயிட் ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை மூன்றே பொருள்கள். கியூபாவில் சந்தியாகோ நகரத்துக்குப் பக்கத்தில் டைக்கிரி என்ற சுரங்க ஊர் இருக்கிறது. 1898 வாக்கில் அங்கே வேலை பார்த்த ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்க இன்ஜினியர்தான் இந்தக் கலவையைச் செய்தார் என்று சொல்வார்கள். மூன்றே பொருள் என்பதால் எதையும் ஒளிக்க முடியாது. எலுமிச்சை பழசானால் தெரியும், சர்க்கரை கூடினால் தெரியும், ஐஸ் சரியில்லை என்றால் தண்ணீராகத் தெரியும். ரசம் நன்றாக இருந்தால் அந்த வீட்டுச் சமையலை நம்பலாம் என்று எங்கள் பாட்டி சொல்வார். டைக்கிரியும் அப்படித்தான்.

சொன்னதும் பார்டெண்டர் கையைப் பாருங்கள். போன மாதம் ஒரு பாரில் இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருவன் செய்ததை அப்படியே சொல்கிறேன். முதலில் கிளாஸை எடுத்து அதில் ஐஸ் நிரப்பி ஓரமாக வைத்தான், குளிரட்டும் என்று. இரண்டு எலுமிச்சம்பழத்தை எடுத்து உள்ளங்கையால் பலகையில் உருட்டினான். குறுக்கே வெட்டி, ஒரு பாதியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். பிழிந்த சாற்றை அளவுக் கிண்ணத்தில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தான். ரம் 60 மில்லி, சாறு 25, சர்க்கரைப் பாகு 20. ஷேக்கரை மூடி, பத்துப் பன்னிரண்டு விநாடி வேகமாகக் குலுக்கினான். வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி பிடித்தது. கிளாஸில் இருந்த ஐஸைக் கொட்டிவிட்டு, சின்ன வடிகட்டி வைத்து ஊற்றுவதற்கு முன்னால் ஒரு ஸ்ட்ராவை நுழைத்து, விரலால் மேல் துளையை மூடி ஒரு சொட்டு எடுத்து நாக்கில் விட்டுப் பார்த்தான். கொஞ்சம் யோசித்து, இன்னும் நாலைந்து சொட்டு எலுமிச்சை விட்டு மறுபடி ஒரு குலுக்கு. அப்புறம்தான் ஊற்றினான். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. அந்த ஸ்ட்ராவும் நாக்கும்தான் விஷயம். தன் கையால் செய்ததை ருசி பார்க்காமல் கொடுக்கிறவரிடம் இரண்டாவது டிரிங்க் வாங்காதீர்கள்.

இனிப்பும் புளிப்பும் எந்த அளவில் நிற்க வேண்டும் என்பது நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராமநவமிப் பானகம் குடித்து வளர்ந்த நாக்கு நமக்கு. வெல்லமும் எலுமிச்சையும் சமமாக நிற்கும்போது இரண்டில் எதுவும் தனியாகத் தெரியாது, சுக்கு மட்டும் பின்னால் வந்து தொண்டையைத் தொடும். டைக்கிரியிலும் அதையே தேடுங்கள். முதல் வாயில் இனிப்பு முந்திக்கொண்டு வந்தால் பாகு அதிகம். பல் கூசினால் சாறு அதிகம். ரம் வாசனை கடைசியாக, மூக்கு வழியாக வர வேண்டும். திருப்பிக் கொடுத்து "தம்பி, கொஞ்சம் லெமன் சேர்த்துக் குலுக்கித் தாங்க" என்று கேட்பதில் தப்பே இல்லை. நல்ல பார்டெண்டர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

எலுமிச்சை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, பெரிய பச்சை லைம் இருந்தால்தான் டைக்கிரி என்று இங்கே சிலர் நினைக்கிறார்கள். கரீபியன் தீவுகளின் பழைய கலவைகள் எல்லாம் நம் மார்க்கெட்டில் கூறு கட்டி விற்கிற இதே சின்ன எலுமிச்சை இனத்தை வைத்துப் பிறந்தவை. குபேர் அங்காடியில், நம் ஊர் பெரிய மார்க்கெட்டில், காலையில் வாங்குகிற பழம் இந்த வேலைக்கு எந்த இறக்குமதிப் பழத்துக்கும் குறைந்ததில்லை. அன்றைக்குப் பிழிந்த சாறு என்றால் போதும். முந்தாநாள் பிழிந்து பிரிட்ஜில் வைத்தது கசக்கும். பாட்டிலில் அடைத்து விற்கிற இனிப்பு எலுமிச்சைச் சாறு, அதாவது கார்டியல் என்றால் பேச்சே வேண்டாம், மிட்டாய் வாசனைதான் வரும். கோடையில் எலுமிச்சை விலை ஏறும்போது சில பார்கள் சத்தமில்லாமல் பாட்டிலுக்கு மாறிவிடும். ஏப்ரல், மே மாதம் வருகிறீர்கள் என்றால் முதலிலேயே கேட்டுவிடுங்கள்: "லெமன் இப்போ பிழிவீங்களா?" பதில் வருவதற்குள் அவர் கண் எங்கே போகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்து ஐஸ். நம் ஊர்ப் புழுக்கத்தில் பாதிக் காக்டெயில்கள் கெடுவது இதனால்தான். நடுவில் குழியாக, மெல்லிசாக இருக்கிற மெஷின் ஐஸ், ஷேக்கரில் விழுந்ததுமே உருகும். குலுக்குவது குளிர வைக்க மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். குலுக்கும்போது உருகிச் சேருகிற தண்ணீரும் அந்தக் கலவையில் ஒரு பொருள்தான். சரியாகச் செய்த டைக்கிரியில் ஏறத்தாழ கால் பங்கு அந்தத் தண்ணீர் இருக்கும். ஐஸ் ஏற்கெனவே ஈரமாக, வாளியின் அடியில் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தால் கணக்கு தப்பிவிடும். ஆகவே கவுண்டரில் உட்கார்ந்ததும் ஐஸ் பெட்டியை ஒரு பார்வை பாருங்கள். கட்டியாக, காய்ந்த மாதிரி, ஒன்றோடொன்று மோதினால் சத்தம் வருகிற ஐஸ் என்றால் நல்ல இடம்.

டைக்கிரி தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் நீங்கள் ஆசைப்பட்ட மொகிட்டோவுக்கு வரலாம். தமிழ்நாட்டில் இந்தப் பெயர் ஜூஸ் கடை வரைக்கும் போய்விட்டது. பச்சைச் சிரப்பும் சோடாவும் ஊற்றி ரம்மே இல்லாமல் கொடுக்கிறார்கள். அதே கையைப் பார்களும் பழகிக்கொண்டன, அதில் கொஞ்சம் ரம் சேர்த்தால் முடிந்தது என்று. ரம், எலுமிச்சை, சர்க்கரை, புதினா, சாதா சோடா, இவ்வளவுதான் மொகிட்டோ. இனிப்பு சோடா வரவே கூடாது. புதினாவைத் துவையலுக்கு அரைக்கிற மாதிரி நசுக்குவதுதான் இன்னொரு தப்பு. இலை கிழிந்தால் பச்சைக் கசப்பு இறங்கும், சிதறின துணுக்கு ஸ்ட்ராவில் வந்து அடைக்கும். கிளாஸின் அடியில் பாகோடு சேர்த்து நாலு தடவை மெதுவாக அழுத்தினால் வாசனை வந்துவிடும். மேலே வைக்கிற கொத்தை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டிச் செருக வேண்டும், குடிக்கக் குனியும்போது மூக்குக்கு நேராக. இலையெல்லாம் கறுத்துப்போய் மிதந்தால் நீங்கள் போன முறை போன மாதிரியான இடம்தான் அது.

பினா கொலாடாவைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். இந்த ஊரில் மிக நன்றாக வந்திருக்க வேண்டிய டிரிங்க் அது. மிக மோசமாக வருவதும் அதுதான். போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரத்தில் கரீபே ஹில்டன் ஓட்டல் பார்டெண்டர் ரமோன் மரேரோ 1954-ல் இதை உருவாக்கியதாகச் சொல்வார்கள். 1978 முதல் அந்தத் தீவின் அதிகாரப்பூர்வ பானம் இதுதான். (1954 எனக்குப் பிடித்த வருஷம். பினா கொலாடா பிறந்த வருஷம், ஓல்டு மங்க் ரம் சந்தைக்கு வந்த வருஷம், நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவோடு சேர்ந்த வருஷம்.) தேங்காயும் அன்னாசியும் ரம்மும் சேர்ந்தது அது. தேங்காய் இல்லாத வீடு இங்கே உண்டா? வாழைக்குளத்து அன்னாசி வண்டி வண்டியாக வந்து இறங்குகிறது. இருந்தும் பார்களில் என்ன நடக்கிறது? டப்பா ஜூஸ், வெனிலா ஐஸ்கிரீம், பால், மிக்சியில் ஒரு சுற்று. ஐஸ்கிரீம் கடையில் குடிக்க வேண்டியதை ரம் விலைக்கு வாங்கிக் குடிக்கிறோம்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. காய்ச்சாத அன்னாசியில் புரதத்தை உடைக்கிற நொதி இருக்கிறது. பாலோ ஐஸ்கிரீமோ அதோடு சேர்ந்தால் கொஞ்ச நேரத்தில் கசப்பு ஏறும். ஐஸ்கிரீம் போடுகிற பார் டப்பா ஜூஸுக்குப் போக அதுவும் ஒரு காரணம். காய்ச்சி அடைத்த சாற்றில் அந்த நொதி செத்துப்போயிருக்கும், வாசனையும் கூடவே போயிருக்கும். தேங்காய்ப்பால் போட்டால் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. கப்பலில் டின்னில் வருகிற இனிப்புத் தேங்காய் கிரீம் வைத்துச் செய்தோம், அசல் முறையே அதுதான். ஊருக்கு வந்த பிறகு நான் பையன்களுக்குச் சொல்லித்தருவது வேறு. தேங்காயைத் துருவி, வெந்நீர் ரொம்பச் சேர்க்காமல், ஆப்பத்துக்கு எடுக்கிற மாதிரி கெட்டியான முதல் பால் எடு. பால் சூட்டோடு இருக்கும்போதே சர்க்கரை கரைத்து, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, குளிர வை. பழுத்த அன்னாசியை அடித்து வடிகட்டு. ரம் 60, தேங்காய்ப்பால் 40, அன்னாசி 60, மேலே எலுமிச்சை ஒரு பிழி. அந்தக் கடைசிப் பிழிதான் பாயசம் ஆகாமல் காப்பாற்றும். அன்றைக்குள் தீர்த்துவிட வேண்டும், மறுநாள் தேங்காய்ப்பால் காறிவிடும். இதைச் செய்கிற பார் ஒன்றிரண்டுதான் இருக்கிறது, செய்கிறவர்கள் பெரும்பாலும் மதியமே தயார் செய்து வைத்திருப்பார்கள். "கொலாடாவுக்கு ஐஸ்கிரீம் போடுவீங்களா, தேங்காய்ப்பாலா?" என்று கேளுங்கள். ஐஸ்கிரீம் என்றால் விட்டுவிடுங்கள்.

மாய் தாய் என்ற ரம் காக்டெயில் பெயர் மெனுவில் இருந்தால் அதற்கும் ஒரு சோதனை உண்டு. கலிபோர்னியாவின் ஓக்லண்டில் பார் நடத்திய விக்டர் பெர்ஜரோன் 1944-ல் செய்தது. நன்றாக வயசான ரம், எலுமிச்சை, ஆரஞ்சு மணமுள்ள இனிப்பு மது, பாதாம் பாகு. அன்னாசிச் சாறு அதில் கிடையவே கிடையாது. அது பிற்பாடு ஹவாயில் போய்ச் சேர்ந்தது. சிவப்பும் மஞ்சளும் அடுக்கடுக்காக, மேலே குடை குத்தி வந்தால் அது வேறு ஏதோ. பாதாம் பாகு இங்கே இறக்குமதி பாட்டிலில்தான் பெரும்பாலும் வரும். நான் பண்ருட்டி முந்திரியை வைத்து முயற்சி செய்து பார்த்தேன். ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் சர்க்கரையும் இரண்டு சொட்டு பன்னீரும். பாதாமின் லேசான கசப்பு அதில் இல்லைதான், ஆனால் வழவழப்பு அருமையாக வருகிறது. எந்த பாராவது இதை எடுத்துச் செய்தால் சந்தோஷப்படுவேன்.

இனி எனக்கு நெருக்கமான ஒன்று. பிரான்ஸைச் சேர்ந்த கரீபியன் தீவுகளான மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் தி-பஞ்ச் என்று ஒன்று குடிப்பார்கள். கரும்புச் சாற்று ரம், ஒரு துண்டு எலுமிச்சை, கரும்புப் பாகு. ஐஸ்கூட அவ்வளவாகப் போட மாட்டார்கள். மேஜையில் பாட்டிலையும் எலுமிச்சையையும் பாகையும் வைத்துவிட்டுப் போவார்கள், அவரவர் அளவுக்கு அவரவர் கலந்துகொள்ள வேண்டும். உலகத்து ரம்மில் பெரும் பங்கு சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற மொலாசஸிலிருந்து வருவது. அந்தத் தீவுகளில் கரும்புச் சாற்றையே நேராகப் புளிக்க வைத்து வடிக்கும் மரபு வேரூன்றியது. மார்த்தினிக் ரம்முக்கு 1996-ல் பிரான்ஸ் தோற்றப் பெயர்ப் பாதுகாப்பு கொடுத்தது.

அந்தக் கரும்பை வெட்டியவர்கள் யார்? 1848-ல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்ததும் தோட்டங்களுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. 1853 முதல் 1880-கள் வரை கப்பல் கப்பலாக நம் கரையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள், புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும். குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேர், மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேர். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம். இன்றைக்கும் குவாதலூப்பில் முட்டுசாமி, ரமசாமி என்று குடும்பப் பெயர்கள் இருக்கின்றன. மாரியம்மனுக்கும் மதுரைவீரனுக்கும் அங்கே பூசை நடக்கிறது. கப்பல் மார்த்தினிக்கின் தலைநகர் ஃபோர்ட்-டி-பிரான்ஸில் நின்ற ஒரு நாள், துறைமுகத்துக்குப் பக்கத்துக் கடையில் நான் முதல் தி-பஞ்சைக் கலந்துகொண்டிருந்தேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார். பாண்டிச்சேரி என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நான் ஊற்றி வைத்திருந்த பாகைப் பார்த்து, அது அதிகம் என்று தலையாட்டி, என் கிளாஸை எடுத்துக்கொண்டு தானே வேறு ஒன்று கலந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. அவர் நிறமும் என் நிறமும் ஒன்று. அந்தப் பானம் எனக்கு அன்றைக்கு வேறு விதமாக இறங்கியது. பிரெஞ்சு வீதிகளை இவ்வளவு ஆசையாகக் காட்டுகிற ஊரில், நம் ஆட்களின் உழைப்பில் விளைந்த அந்தக் கிளாஸ் ஒரு மெனுவிலும் முதல் பக்கத்தில் இல்லையே என்பது என் தீராத வருத்தம்.

தி-பஞ்ச் கேட்டுக் கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அந்தத் தீவு ரம்மில் ஆல்கஹால் 50, 55 சதவீதம் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நம் பாட்டில்களின் 42.8-ஐவிடக் கூட. அது இல்லாத இடத்தில் கரும்புச் சாற்றிலிருந்து வடிக்கிற இந்திய ரம் கேமிகாரா இருக்கிறதா என்று கேட்டு, அதில் செய்து தரச் சொல்லலாம். பெங்களூர் அம்ருத்தின் டூ இண்டீஸும் நல்லது. கரீபியன் ரம்களோடு நம் வெல்லத்திலிருந்து வடித்ததைச் சேர்த்த கலவை அது. கோவாவில் இப்போது மக்கா ஸாய், செக்ரெடோ அல்டேயா என்று சின்ன அளவில் செய்கிறவர்கள் வந்திருக்கிறார்கள். பாட்டில் அலமாரியில் ஒரு வொயிட், ஒரு டார்க் என்று இரண்டோடு நிற்காமல் நாலைந்து ரம் நின்றால், அங்கே யாரோ ஒருவருக்கு ரம் மேல் அக்கறை இருக்கிறது என்று அர்த்தம். நம் பக்கம் பிராந்தி நாடு. பத்து பிராந்திக்கு நடுவில் ரம் தனியாகத் தெரிவதே பெரிய விஷயம்.

ஓல்டு மங்கைக் கலவைக்கு எடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். எடுக்கலாம், இடம் பார்த்து. அதன் வெனிலா மணமும் இனிப்பும் டைக்கிரியில் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். இஞ்சியோடு பிரமாதமாகச் சேரும். பானகத்தின் அதே சேர்மானத்தில், வெல்லப் பாகு, எலுமிச்சை, இடித்த இஞ்சி, ஒரு ஏலக்காய், ஓல்டு மங்க் 60 மில்லி, மேலே சோடா. சாமிக்குப் படைக்கிற பானகத்தில் ஊற்றச் சொல்லவில்லை, ருசிக் கணக்கை மட்டும் அங்கிருந்து கடன் வாங்கினேன். வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டி போட்டால் இன்னும் ஆழம்.

கடலூரில் தங்கப்போகிறீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். பண்ருட்டிப் பக்கம் போனால் வழியில் நெல்லிக்குப்பம் வரும். பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை 1842-லிருந்து அங்கே இருக்கிறது. அரவைக் காலத்தில் ரயில் ஜன்னலைத் திறந்தால் மொலாசஸ் வாசனை உள்ளே வரும், கருகின வெல்லமும் ஈர மண்ணும் கலந்த மாதிரி. நல்ல டார்க் ரம் கிளாஸை மூக்கருகே வைக்கும்போது அந்த வாசனை லேசாக வர வேண்டும். வெறும் எசன்ஸ் வாசனை வந்தால் பாட்டில் சரியில்லை. அப்புறம், பஞ்ச் என்ற சொல்லே நம் ஐந்து என்ற பஞ்ச்தான் என்று பெரும்பாலும் சொல்கிறார்கள். சரக்கு, எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், மசாலா ஐந்தும் சேர்ந்தது, பஞ்சாமிர்தம் மாதிரி. கிழக்கிந்தியக் கம்பெனி ஆள் ஒருவர் 1632-ல் இந்தியாவிலிருந்து எழுதின கடிதத்தில் அந்தச் சொல் இருக்கிறது. கரீபியன் ரம் பஞ்ச் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையை 1690-ல் வாங்கிய இங்கிலீஷ்காரர்களும் சாயங்காலத்தில் இதைத்தான் கலந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

சரி, எந்தப் பக்கம் தேடுவது? வெள்ளை நகரத்து வீதிகளில் தொடங்குங்கள். சுய்ப்ரேன் வீதி, துய்மா வீதி, புஸ்ஸி வீதியின் கடல் முனை. பழைய பிரெஞ்சு வீடுகளை ஓட்டலாக்கி, முற்றத்தில் பார் வைத்திருக்கிறார்கள். சுய்ப்ரேன் வீதியில் வில்லா சாந்தி, கடற்கரைச் சாலையில் தி ப்ராமனேட் என்று தெரிந்த பெயர்களில் முதலில் கால் வைக்கலாம். டைக்கிரி சோதனையை அங்கேயும் செய்யுங்கள், பெயரை நம்பி விட்டுவிடாதீர்கள். கடல் தெரிகிற மொட்டை மாடி என்றால் எனக்குக் கொஞ்சம் பயம். காட்சிக்காகவே கூட்டம் வருவதால் கிளாஸில் அக்கறை குறைந்துபோகிறது. எனக்குக் கிடைத்த நல்ல டைக்கிரிகள் பெரும்பாலும் ஜன்னல்கூட இல்லாத கீழ்த்தளக் கவுண்டர்களில் கிடைத்தவை. காற்று வாங்க ஆசை என்றால் குடித்து முடித்துவிட்டுப் பீச்சுக்கு நடந்து போங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். பாறைகளின் மேல் பாட்டிலோடு உட்காருவது மட்டும் கூடாது, போலீஸ் பிடிக்கும்.

அண்ணா சாலை, நேரு வீதிப் பக்கத்துப் பார்களில் காக்டெயில் கேட்காதீர்கள். அங்கே பெக் ஊற்றித்தான் பழக்கம், அதை நன்றாகவே செய்கிறார்கள். செரினிட்டி கடற்கரையைப் பார்த்துவிட்டு அங்கே கபேயில் ரம் கேட்கிறவர்கள் ஏமாந்து வருவார்கள். அந்தக் கடற்கரை இருக்கிற தந்திராயன்குப்பம் விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. புதுவை உரிமம் அந்த இடத்தில் செல்லாது. கடலூர் சில்வர் பீச் பக்கமும் காக்டெயில் தேட வேண்டாம், சுண்டலும் காற்றும் போதும். தெற்கே நோணாங்குப்பம், வீராம்பட்டினம் பக்கத்து ரிசார்ட்டுகள் புதுச்சேரிக்குள்தான். உங்களுக்குக் கடலூரிலிருந்து கிட்டே. ஆனால் சனி, ஞாயிறு தவிர மற்ற நாளில் அங்கே பார்டெண்டர் இருப்பாரா என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

மெனு கார்டிலேயே பாதி தெரிந்துவிடும். நாற்பது ஐம்பது காக்டெயில், அதில் நீலம் பச்சை சிவப்பு என்று நிறத்தின் பேரில் பாதி என்றால் எல்லாம் சிரப் பாட்டில். பத்துப் பன்னிரண்டுதான் இருக்கிறது, ஒவ்வொன்றின் கீழும் என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறது என்றால் தைரியமாக உட்காரலாம்.

நாளும் நேரமும் முக்கியம். வெள்ளி ராத்திரி முதல் ஞாயிறு வரை சென்னை, பெங்களூர்க் கூட்டம். எவ்வளவு கெட்டிக்காரர் ஆனாலும் முப்பது ஆர்டரை வரிசையில் வைத்துக்கொண்டு ஸ்ட்ராவில் ருசி பார்க்க முடியாது. செவ்வாய், புதன் சாயங்காலம் ஆறரை மணிக்குப் போங்கள். பார் அப்போதுதான் திறந்து துடைத்து வைத்திருப்பார்கள், எலுமிச்சை புதுசாக இருக்கும், பேச நேரம் இருக்கும். "உங்களுக்கு எது செய்யப் பிடிக்கும்?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். எந்நேரமும் நாலைந்து சரக்கைக் கலக்கிற லாங் ஐலண்ட் காக்டெயிலே ஊற்றிச் சலித்துப்போன பையன் முகம் அப்படியே மாறும். சில சமயம் மெனுவில் இல்லாத ஒன்று வரும். டிப்ஸை பில்லோடு வைக்காமல் அவர் கையில் கொடுங்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 வேண்டாம், எல்லாம் மூடியிருக்கும்.

மூன்று பேர் என்பதால் ஒரு கணக்கு. சரியாகச் செய்த ஒவ்வொரு கிளாஸிலும் ஒரு லார்ஜ் இருக்கிறது. இனிப்பில் தெரியாது. முதல் டைக்கிரியைப் பகிர்ந்து ருசி பார்த்துவிட்டு, ஆளுக்கு இரண்டு, நடுவில் தண்ணீரும் ஒரு தட்டு மீன் வறுவலும் என்றால் ராத்திரி நன்றாக முடியும். கடலூர் இருபத்திரண்டு கிலோமீட்டர்தான் என்று யாரும் வண்டியை எடுக்காதீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்பதுதான் சட்ட அளவு, ஒரு கிளாஸே சிலருக்கு அதைத் தாண்டிவிடும். முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. டாக்ஸி பேசிக்கொள்ளுங்கள், இல்லை ராத்திரி இங்கேயே அறை எடுத்துத் தங்குங்கள். புதுவை விலையைப் பார்த்து ஆசைப்பட்டுப் பாட்டில் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். எல்லையில், முள்ளோடையில் சோதனைச் சாவடி இருக்கிறது, அக்கா வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் தூக்கம் போய்விடும்.